கத்திக்கு முன் கல்லை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டுச் சமையலறைக்கு நல்ல ஜப்பானியக் கத்தி தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. என் மகள் அதைப் படம் பிடித்து அனுப்பி, "அம்மா, 67 அடுக்கு போட்டது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கட்டுமா?" என்று கேட்டாள். கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் சொல்லியிருந்த மூன்று விஷயங்கள் என்னை உறுத்தின. அலகில் எஃகுத் தகடுகளின் அடுக்கு கூடக்கூடக் கூர்மை கூடும் என்பது ஒன்று. கடினத்தன்மை எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல கத்தி என்பது இரண்டு. இப்படிப்பட்ட கத்தியைப் பல வருடங்களுக்குத் தீட்டவே வேண்டாம் என்பது மூன்று. மூன்றும் தவறு. மூன்றாவதை நம்பி வாங்குபவர் கத்தியையும் பறிகொடுப்பார், அதற்குக் கொடுத்த பணத்தையும் பறிகொடுப்பார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எஃகுப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றின் சோதனை அறையில் 31 வருடம் வேலை பார்த்தேன். உலையிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் கருவியில் வைத்து, அது எவ்வளவு கடினம் என்று அளந்து எழுதுவதுதான் என் வேலை. வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்கிறேன். இடது கைக்காரி. ஒன்பது வருடங்களாக ஜப்பானியக் கத்திகளைப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றில் ஒன்றைப் பாழாக்கியும் இருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையில் விடுபட்டது அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண். பெட்டியின் மேல் ஹெச்.ஆர்.சி 61, 63 என்று அச்சிடுகிறார்களே, அது ராக்வெல் சோதனையின் சி அளவுகோல். 120 பாகைக் கூம்பாகச் செதுக்கிய ஒரு வைர முனையை 150 கிலோ பளுவோடு எஃகின் மேல் அழுத்துவோம். முனை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதிலிருந்து எண் வருகிறது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.002 மில்லிமீட்டர். அதாவது 58க்கும் 62க்கும் நடுவே 0.008 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு கத்தியின் குணமே மாறிவிடும். அதனால் அந்த எண்ணை நான் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

கடினம் என்பது, அழுத்தினால் பள்ளம் விழாமல், மடங்காமல் நிற்கும் குணம். அடிபட்டால் உடையாமல் தாங்குவது வேறொரு குணம். ஒரே எஃகில் முதலாவதை ஏற்றினால் இரண்டாவது இறங்கும். உலை வேலை செய்த எவரும் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள். ஐரோப்பியச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். அவற்றின் விளிம்பு உபயோகத்தில் மெல்ல மடங்கும். உருட்டுக் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். ஜப்பானியக் கத்திகள் 60 முதல் 63 வரையும், சில அதற்கு மேலும் போகும். அவற்றின் விளிம்பு சுலபத்தில் மடங்காது. ஆனால் எலும்பிலோ, உறைந்த இறைச்சியிலோ, பக்கவாட்டில் திருகும்போதோ சில்லு சில்லாகப் பெயரும். வரி போட்ட உருட்டுக் கம்பியில் தேய்த்தாலும் அப்படித்தான்.

பிறகு எதற்கு அவ்வளவு கடினமாகச் செய்கிறார்கள்? மெலிதாக்குவதற்காக. நன்றாக வெட்டுவது மெலிவுதான். கடினம் அந்த மெலிவைத் தாங்கிப் பிடிக்கிறது. ஐரோப்பியக் கத்தியில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகையில் கூர் வைப்பார்கள். ஜப்பானியக் கத்தியில் 15 பாகை, சிலவற்றில் அதற்கும் குறைவு. கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். என்னுடைய பழைய 20 சென்டிமீட்டர் ஐரோப்பியக் கத்தியை மைக்ரோமீட்டரில் அளந்தபோது கூருக்கு நேர்மேலே அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இப்போது தினமும் எடுக்கும் ஜப்பானியக் கத்தியில் அதில் பாதிகூட இல்லை. எடை 250 கிராமிலிருந்து 160 கிராமுக்கு இறங்கிவிட்டது. கேரட்டை வெட்டும்போது முன்னதில் கடைசி நொடியில் 'டக்' என்று பிளக்கும் சத்தம் வரும். ஆப்பு இறங்குவதுபோல் அலகின் தடிமன் காயைத் தள்ளிப் பிளப்பதால் வரும் சத்தம் அது. பின்னதில் சத்தமே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், மணிக்கட்டு வலியோடு, ஒரு கிலோ வெங்காயம் நறுக்குகிறவளுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நிம்மதி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி நான் பாழாக்கிய கத்தி. முதன்முதலில் வாங்கியபோது உங்கள் கட்டுரையாளர் சொல்வதுபோலவே நானும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். சோதனை அறைக்காரிக்கு எண் பெரிதாகத் தெரிந்தது இயல்புதான். தூள் உலோக முறையில் செய்த எஃகு, 63 என்று போட்டிருந்தது. மிக அழகான கத்தி. இரண்டாம் மாதம் ஒரு முற்றிய பூசணியில் காம்புக்கு அருகே இறக்கினேன். பாதியில் சிக்கியது. வெளியே எடுக்கப் பக்கவாட்டில் திருகினேன். விளிம்பில் மூன்று இடத்தில் சில்லு பெயர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கத்தியைக் குறை சொல்லமாட்டேன். அந்த எஃகிடம் அந்த வேலையைக் கேட்டிருக்கக் கூடாது.

அதோடு விட்டிருந்தால் கத்தி பிழைத்திருக்கும். எனக்கு அப்போது கல்லில் தீட்டத் தெரியாது. கூர் வைத்துத் தரும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தண்ணீரில்லாத சுழல் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது. ஐந்து நிமிடத்தில் சில்லு போய் விளிம்பு நேராகிவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தேன். நுனியை ஒட்டி இரண்டு அங்குலத்துக்கு நீலம் பாரித்திருந்தது.

அந்த நீலத்தை 31 வருடம் பார்த்தவள் நான். பதம் வைத்த எஃகைச் சூடாக்கினால் மேற்பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஏறும். சாதாரணக் கார்பன் எஃகில் நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரி செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். துருப்பிடிக்காத எஃகில் அதே நீலம் வர அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். இந்த மாதிரிக் கத்திகளைத் தோய்த்து இறுக்கியபின் பெரும்பாலும் 200 டிகிரிக்குள்தான் திரும்பச் சூடேற்றி முறுக்கைத் தளர்த்துவார்கள். அந்த எல்லையை இவ்வளவு தாண்டினால், பட்டறையில் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கடினம் அந்த இடத்தில் இறங்கிவிடும். பெட்டியில் 63 என்று அச்சிட்டிருப்பது அப்படியே இருக்கும். விளிம்பில் அது இருக்காது. அந்த நுனி அதற்குப்பின் ஒரு வாரம்கூடக் கூர் தாங்கவில்லை. நீலம் பாரித்த பகுதியை முழுக்கக் கல்லில் தேய்த்து நீக்கும்வரை தாங்கவுமில்லை.

எனவே கத்தி வாங்குகிறவரை நான் கேட்கும் முதல் கேள்வி, "இதை எப்படித் தீட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். பதில் இல்லையென்றால் கத்தியைத் தள்ளிப்போடுங்கள். முதலில் 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்றை வாங்குங்கள் (எண் கூடக்கூடக் கல்லின் மணல் நுண்மையாக இருக்கும்). வீட்டில் இருக்கும் மழுங்கிய பழைய கத்தியில் பழகுங்கள். ஒரு கல்லே போதும். சில்லு பெயர்ந்ததைச் சரிசெய்ய 400க்குள் ஒன்றும், மெருகுக்கு 3000க்கு மேல் ஒன்றும் பிற்பாடு சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். ஊறவைக்கும் வகைக் கல் என்றால் தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை வைக்க வேண்டும்; சில கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். 15 பாகை என்றால் எவ்வளவு என்று பலர் பயப்படுகிறார்கள். கூரிலிருந்து முதுகுவரை அலகின் உயரம் 45 மில்லிமீட்டர் என்றால், கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் அதுதான் 15 பாகை. என் சுண்டுவிரல் நுனி அந்த இடுக்கில் சரியாக நுழைகிறது. தொடங்கும்போது விரலை வைத்து அளந்துகொண்டு, பிறகு அந்தச் சாய்வை மாற்றாமல் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். முதுகுப் பக்கமிருந்து கூரைத் தாண்டி வெளிப்பக்கமாக விரலை வருடினால் தட்டுப்படும். முழு நீளத்துக்கும் அது எழும்பிய பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பிசிறை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் இருப்பதால் சூடு ஏறவே ஏறாது. நீலம் பாரிக்க வழியில்லை.

என் வீட்டில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தீட்டுகிறேன். பதினைந்து நிமிடம் ஆகும். பல வருடம் தீட்ட வேண்டாத கத்தி உலகத்தில் இல்லை. பலகையைத் தொடும் ஒவ்வொரு முறையும் எந்த எஃகும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். பலகை என்றதும் இன்னொன்று: கண்ணாடி, கருங்கல், பீங்கான் மேல் வைத்து வெட்டினால் எந்தக் கத்தியும் அன்றே மழுங்கும். மரப்பலகை வேண்டும். நறுக்கியதைப் பாத்திரத்துக்குத் தள்ளும்போது கூரால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். இதை என் வீட்டில் எல்லாருக்கும் பழக்க இரண்டு வருடம் ஆனது.

அடுக்குகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 67 அடுக்கு என்றால் நடுவில் ஒரே ஒரு எஃகுத் தகடு, அதன் இரண்டு பக்கமும் 33, 33 மென்மையான தகடுகள். வெட்டுவது நடுவில் இருக்கும் அந்த ஒன்றுதான். அலகின் பக்கங்களில் அடுக்குகள் காட்டும் அலைகள் கூர் விளிம்புக்கு வருவதே இல்லை என்பதைக் கத்தியை உற்றுப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கடினமான நடுத்தகட்டுக்கு மென்மையான உறை போடுவது நல்ல முறை, கத்தி முறியாமல் காக்கும். அதற்குப் பக்கத்துக்கு ஒரு தகடு போதும். மீதி அழகுக்கு. அழகு பிடித்து வாங்குகிறவர்களை நான் தடுக்கமாட்டேன், எனக்கும் அந்த அலைகள் பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்து வாள் செய்தவர்கள் எஃகை மடித்து மடித்து அடித்ததோடு இதை ஒப்பிட்டிருக்கிறார் கட்டுரையாளர். அவர்கள் மடித்தது, உலையிலிருந்து வந்த சீரற்ற எஃகில் கசடை வெளியேற்றவும் கார்பனைச் சமமாகப் பரப்பவும். இன்றைய எஃகு ஆலையிலிருந்தே சீராக வருகிறது.

நடுவில் என்ன எஃகு என்பதைத்தான் கேட்க வேண்டும். 'உயர்கார்பன் எஃகு' என்று மட்டும் போட்டு, பெயர் சொல்லாத கத்தியை நான் தொடமாட்டேன். ஜப்பானிய எழுத்து பொறித்திருப்பதும், பெயர் ஜப்பானியமாக ஒலிப்பதும் எதற்கும் உத்தரவாதமில்லை. ஷிமானே மாகாணத்தில் யாசுகி என்ற ஊரில் செய்யும் கார்பன் எஃகுகளை, அவற்றைச் சுற்றிவரும் தாளின் நிறத்தை வைத்து ஷிரோகாமி, ஆவோகாமி என்பார்கள். வெள்ளைத் தாள், நீலத் தாள் என்று பொருள். வெள்ளையில் கார்பனும் இரும்பும் தவிர வேறு அதிகம் சேர்ப்பதில்லை. நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேரும், கூர் சற்று நீடிக்கும். இரண்டும் கல்லில் அற்புதமாகக் கூர் ஏறும். இரண்டும் துருப்பிடிக்கும். எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்கிவிட்டு ஈரத்தோடு பத்து நிமிடம் வைத்தால் கறை ஏறிவிடும். தகெஃபு நகரின் பெயரைத் தாங்கிய எஃகு ஆலை செய்யும் வி.ஜி.10 வேறு மாதிரி. ஏறத்தாழ 1 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், கொஞ்சம் கோபால்ட். துருவுக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. 60, 61 வரை கடினம் தாங்கும். அதைவிட எளிய துருப்பிடிக்காத எஃகுகளும் உண்டு, அவையும் வீட்டுக்குக் கெட்டுப்போகவில்லை.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய, வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள். என் கணவரும் மகனும் நல்ல மனிதர்கள், நன்றாகச் சமைப்பவர்கள். இருவரும் கத்தியை ஈரத்தோடு தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் வெள்ளைத் தாள் எஃகை வைத்துக்கொண்டு தினமும் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பொதுவில் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை வைத்தேன். ஆவோகாமிக் கத்தி ஒன்றை எனக்கென்று மர உறையில் தனியாக வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்த நல்ல கத்தியையும் போடக்கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வடிவத்துக்கு வருவோம். 'அசல் ஜப்பானியக் கத்தி என்றால் ஒருபக்கக் கூர்தான்' என்று எழுதி, மீனைத் துண்டமிடும் யனகிபாவின் படத்தைப் போட்டிருந்தீர்கள். யனகிபா, மீனை வெட்டிப் பிரிக்கும் தேபா, காய்கறி அரியும் உசுபா மூன்றும் தொழில்முறைச் சமையல்காரர்களின் கருவிகள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மீனை வழவழப்பாக அரிய யனகிபாவுக்கு ஈடில்லை. வெங்காயம் நறுக்க எடுத்தால் ஒரு பக்கமாக இழுக்கும். கெட்டிக் காயில் நேராக இறங்கவே இறங்காது. முதல் கத்தியாக அதை வாங்கியவர் அலமாரியில் வைத்துவிடுவார்.

வீட்டுக்கு உரியவை இரண்டுபக்கக் கூர் கொண்டவை. கியூட்டோ என்றால் மாட்டுக் கத்தி. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதை வெளிப்படையாகத் தெரிவித்த காலத்தில், மேற்கத்தியச் சமையலோடு வந்த பிரெஞ்சுக் கத்தியைப் பார்த்து ஜப்பானியர் தம் கைப்பாங்கில் செய்துகொண்டது அது. 1876இல் வாள் அணியத் தடை வந்தபின் வாள் செய்த கைகள் பல சமையலறைக் கத்திகளுக்கும் வேளாண் கருவிகளுக்கும் திரும்பின. பழைய வாள் ஊரான செகி இன்றும் கத்திகளுக்குப் பேர்போனது. சகாய் நகரத்தின் கதை வேறு. போர்த்துக்கீசியரோடு வந்த புகையிலையை அரியும் கத்திகளில் பேரெடுத்த ஊர் அது. அங்கே அடிப்பவர் ஒருவர், கூர் வைப்பவர் ஒருவர், பிடி பொருத்துபவர் ஒருவர் என்று இன்றும் வேலை பிரிந்திருக்கிறது. இவையெல்லாம் கட்டுரையில் இடம்பெற்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சாந்தோகு என்றால் மூன்று நற்குணம். இறைச்சி, மீன், காய்கறி மூன்றுக்கும் ஆகும் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளில் பரவியது. கியூட்டோவைவிடக் குட்டை, நுனி கீழே வளைந்திருக்கும். நகிரி காய்கறிக்கு மட்டும், செவ்வகமாக, விளிம்பு நேராக இருக்கும். பெட்டி என்று ஒரு சிறுகத்தி உண்டு. நம் பெட்டி இல்லை, சிறியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். பழம் உரிக்க, பூண்டு அரிய நல்லது. ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் கியூட்டோ அல்லது சாந்தோகு. நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி நறுக்குபவருக்குக் கியூட்டோ. நேராக மேலே தூக்கி இறக்கிக் குத்தி நறுக்குபவருக்கு சாந்தோகு. நீங்கள் எப்படி நறுக்குகிறீர்கள் என்று தெரியாவிட்டால் இன்று மாலை உங்கள் கையைப் பாருங்கள்.

நீளம் ஏன் 180, 210, 240 என்று முப்பது முப்பதாக ஏறுகிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. 'சுன்' என்ற பழைய ஜப்பானிய அளவு 30.3 மில்லிமீட்டர். 210 என்பது ஏழு சுன். சாந்தோகு 165 என்பது ஐந்தரை சுன். வீட்டில் 210 கியூட்டோ தாராளம். பலகை சிறிதாக, மேடை இடுக்காக இருந்தால் 180. உங்கள் பலகையின் மூலைக்கு மூலை அளவைவிடக் கத்தி நீளமாக இருந்தால் அது தொல்லைதான்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் இடது கை. நான் கத்தி பிடிக்கத் தொடங்கியது முதல் இந்தப் புறக்கணிப்பைப் பார்த்து வருகிறேன், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருபக்கக் கூர் கத்திகள் வலது கைக்காகச் செய்தவை. இடது கையில் பிடித்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும். இடது கைக்குத் தனியாகச் செய்து தருகிறார்கள், ஆனால் விலை கூடுதல், காத்திருக்கவும் வேண்டும். இரண்டுபக்கக் கூர் கத்தியிலும் சிலவற்றில் கூர் சமமாக இராது. ஒரு பக்கம் 70 பங்கு, மறுபக்கம் 30 பங்கு என்று வலது கைக்குச் சாய்த்துத் தீட்டியிருப்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். பிடியிலும் இது உண்டு. மரப்பிடிகளில் டி வடிவம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மேடு இருக்கும். வலது கை விரல் மடிப்பில் அது இதமாக உட்காரும். என் கையில் அந்த மேடு தவறான பக்கம் நின்று, பத்து நிமிடத்தில் உறுத்தத் தொடங்கிவிடும். எண்கோணப் பிடியோ, ஆணி அறைந்த மேற்கத்தியப் பிடியோ எந்தக் கைக்கும் பொருந்தும். வீட்டில் ஒருவர் இடது கை, ஒருவர் வலது கை என்றால் 50க்கு 50 கூர், எண்கோணப் பிடி. வேறெதையும் பார்க்காதீர்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால், பிடியை முழுக்கையால் பற்றாமல், கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியைக் கிள்ளினாற்போல் பிடியுங்கள். முதுகின் ஓரமும், குதிக்கு (பிடியை ஒட்டிய அலகின் கீழ்மூலைக்கு) மேலே விரல் படும் ஓரமும் மழுக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மழுக்காமல் விட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஆட்காட்டி விரலில் காய்ப்பு விழும். பலகையில் வைத்து விரல் முட்டிகள் இடிக்கிறதா என்று பாருங்கள். குதியில் 45 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் பெரும்பாலும் இடிக்காது. கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அலகு வளைந்திருக்கிறதா என்று முதுகு வழியாகவும் கூர் வழியாகவும் பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். இவ்வளவும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரையில் உள்ள மூன்று தவறுகளையும் அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்திப் போடுங்கள். அடுத்து, கல்லில் தீட்டுவது எப்படி என்று படத்தோடு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வலது கை, இடது கை இரண்டுக்கும் படம் வேண்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று வாரம் தாமதித்து அனுப்பக் காரணம் என் மகள்தான். 67 அடுக்கு வாங்கட்டுமா என்று கேட்டவளிடம், "முதலில் 1000 கல் வாங்கு, உன் பழைய கத்தியைத் தீட்டிக் காட்டு, பிறகு பேசலாம்" என்றேன். முதல் ஞாயிறு பிசிறே எழும்பவில்லை. சாய்வு மாறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஞாயிறு நடுவில் எழும்பியது, நுனியில் இல்லை. நேற்று மாலை ஒரு பழுத்த தக்காளியைக் கையால் பிடிக்காமல் பலகையில் வைத்து, கத்தியை மேலே வைத்து, அழுத்தாமல் இழுத்தாளாம். தோல் சுருங்காமல் பிரிந்ததாம். பழைய கத்தி, எட்டு வருடம் மழுங்கிக் கிடந்தது. "புதுசு இப்போதைக்கு வேண்டாம்மா, 210 வாங்குவதா 180 வாங்குவதா என்று நிதானமாகப் பார்க்கிறேன்" என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி